யானைவேலிக்கு என் அத்தான் கண்டக்டர்

என் அக்காவைக் கட்டிய மனிதரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு புரளாது. கொழுந்தியாளுக்கு வாய் இருப்பதே அத்தானைக் கிண்டல் பண்ணத்தான். ஆனால் இந்தக் கதையில் ஓரிடத்தில் அவரைப் புகழாமல் தப்ப முடியாது. அதுவரை முடிந்த அளவு திட்டிக்கொள்கிறேன்.

அத்தான் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கி வேலையை விட்டார். உடம்பு வீட்டுக்கு வந்தது, வாய் மட்டும் பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்பார். அக்கா தட்டில் போட்டது போதுமென்றால் "ஹோல்டான்". இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் "ரைட்". விசிலைக் கழுத்தைவிட்டுக் கழற்றவே மாட்டார்.

"இந்த மனுஷனக் கட்டிக்கிட்டதுக்கு பேசாம டிப்போவையே கட்டியிருக்கலாம்டி" என்று அக்கா என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து புலம்புவாள். நான் இந்த ஊர்த் தையற்காரி. யார் இடுப்பு எத்தனை அங்குலம் பெருத்தது என்பது அவரவர் வீட்டுக்காரருக்குத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் காட்டை ஒட்டியது. வீடுகள், அதற்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் மரம் வெட்டக்கூடாத, வேட்டையாடக்கூடாத காடு. அதில் இருக்கிற யானைகளில் ஒன்றுக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் மாப்பிள்ளை. கூப்பிடாமலே வரும், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துச் சாப்பிடும், கிளம்பு என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் வீட்டு மாப்பிள்ளையான அத்தானுக்கு மட்டும் இதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

வேலி வனத்துறை போட்டது. மூன்று கிலோமீட்டர் நீளம், மூன்று கம்பி. ஒரு தகரக் கொட்டகைக்குள் பெட்டி, கூரையில் வெயிலில் கரண்ட் எடுக்கும் தகடு. பெட்டி 'டக்… டக்…' என்று விட்டுவிட்டு அடிக்கும். கம்பியைத் தொட்டால் கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மனுஷனும் சாக மாட்டான், யானையும் சாகாது. இரண்டு பேருக்கும் மானம் மட்டும் போகும்.

இந்தப் பெட்டியின் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது ஊரே வானத்தைப் பார்த்தது. தினமும் மூன்று கிலோமீட்டர் போய், மூன்று கிலோமீட்டர் திரும்பி, கம்பியைப் பார்க்க வேண்டுமே! அத்தானிடம் டாக்டர் நிற்கக் கூடாது, நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்றிலிருந்து வேலி பஸ்ஸாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு ஒரு விசில், பெட்டி நிறுத்தம். மாலை நாலு மணிக்கு இரண்டு விசில், பெட்டி ஓட்டம். விசில் அடித்த கையோடு புல் சோதனை. நீளமான பச்சைப் புல் ஒன்றைப் பிடுங்கி, அதன் நுனியைக் கம்பியில் வைத்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளுவார். வேலி ஓடினால் புல் வழியாக விரலுக்கு ஒரு சின்னச் சுண்டு சுண்டும். நின்றிருந்தால் ஒன்றும் இருக்காது. தானே நிறுத்திய பெட்டியைத் தானே சந்தேகப்பட்டுத் தினமும் புல்லோடு நிற்கிற ஆளை ஊர் சும்மா விடுமா? 'வேலிக்கு நாடி பாக்குற டாக்டர்' என்று பெயர் வந்தது. அதை வைத்தது நான்தான்.

அவருக்கு முதல் எதிரி யானை இல்லை, துணி.

எங்கள் வீடுகளெல்லாம் மரநிழலில் இருக்கின்றன. ஒரு கைக்குட்டை காய இரண்டு நாள் ஆகும். வேலி ஓரத்திலோ மரத்தை எல்லாம் வெட்டி இருபதடிக்குச் சுத்தமாக வைத்திருந்தார்கள். காலை முதல் மாலை வரை வெயில், காற்று, மூன்று வரிசையில் இழுத்துக் கட்டிய கம்பி. சொல்லுங்கள், எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வராது? ஒரே மாதத்தில் மூன்று கிலோமீட்டர் யானைவேலி மூன்று கிலோமீட்டர் கொடிக்கம்பியாகிவிட்டது.

ஈரத் துணி கம்பியிலிருந்து கட்டைக்கும் தரைக்கும் தொங்கினால் கரண்ட் அதன் வழியாக ஒழுகிப் போய்விடும். வேலியில் படர்கிற கொடியும் புல்லும் அதே வேலையைத்தான் செய்யும். அத்தான் நாலு மணிக்கு முன்னால் ஓடி ஓடித் துணிகளை உருவி, மடித்து, கொட்டகையில் அடுக்குவார். அதற்குப் பெயர் லக்கேஜ். கேட்டு வருகிறவர்கள் அடையாளம் சொல்ல வேண்டும். ஒருநாள் நடுத்தெருவில் ஒரு பாவாடையைத் தூக்கிப் பிடித்து, "இது யாரோட லக்கேஜ்?" என்று பஸ் ஸ்டாண்டு குரலில் கத்தினார். தைத்தவள் நான், யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தொழில் தர்மம்.

இந்தப் போரில் குண்டு வெடித்தது அவர் வீட்டிலேயே. மழை பிடித்து, அத்தான் முழங்கால் வலியில் கோடிவரை நடக்க முடியாத ஒரு வாரத்தில் அக்கா வீட்டுக் கம்பளியைத் துவைத்து, புருஷன் கண்ணில் படாத தூரத்தில், மாடிவீட்டுக்காரர் வயலின் கடைக்கோடியை ஒட்டிய வேலியில் போட்டாள். காயவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டாள். மறுநாளும் காயவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது அந்த இடத்தில் வேலி படுத்துக் கிடந்தது. மாடிவீட்டுக்காரரின் மக்காச்சோளத்தில் பாதி மாப்பிள்ளையின் வயிற்றில். கம்பளி வயல் நடுவில், யாரோ விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. ஓரத்தில் என் நீலநூல் தையல். ஊரே அந்தத் தையலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு அக்காவைப் பார்த்தது. காவல்காரன் வீட்டுக் கம்பளியே யானைக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பது இதைத்தான்.

அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். மாடிவீட்டுக்காரர் ஊரிலேயே பெரிய ஆள், ஆனால் அன்று அவருக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"மூணு வருஷமா நான் விதைக்கிறேன், அவன் அறுக்குறான்" என்றார். "உங்க பெட்டி அவனத் தட்டிக் குடுக்குது, கண்டக்டரே. எனக்கு அடிக்கிற பெட்டி வேணும். மோட்டார் ரூம்லேருந்து வீட்டுக் கரண்ட்ட இழுத்து வேலியில குடுத்துடறேன். ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

வீட்டுக் கரண்ட் விட்டுவிட்டு அடிக்காது. பிடித்தால் விடாது. இரண்டு ஊர் தள்ளி இப்படித்தான் ஒருவன் இழுத்துக் கொடுத்தான். ஒரு தாய் யானையும், மாட்டுக்குப் புல்லறுக்கப் போன ஒரு மனிதரும் ஒரே கம்பியில் கிடந்தார்கள்.

அத்தான் எழுந்தார். "மிச்சச் சோளம் முத்தி அறுவடைக்கு வர நாப்பது நாள். அந்த நாப்பது நாள்ல ஒரு யானை, ஒரே ஒரு யானை உள்ள வந்துச்சுன்னா இந்தச் சாவிய நானே உங்க கையில குடுத்துடறேன். அதுவரைக்கும் வீட்டுக் கரண்ட் வேலிப்பக்கம் வரக்கூடாது."

"சரி" என்றார் மாடிவீட்டுக்காரர். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். வலித்தது. நாற்பது நாள் என்றால் சும்மாவா!

மறுநாள் அத்தான் செய்த காரியம்தான் ஊரைப் புரட்டிப் போட்டது. துணி போடக் கூடாது என்று சொல்லிச் சொல்லித் தோற்றவர், துணி போடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை.

"ஆளுக்கு இவ்வளவு தூரம்னு பிரிச்சுக்கோங்க. உங்க இடத்துல துணி காயணும்னா, துணிய எடுக்கும்போது அங்க படர்ந்த கொடியையும் புல்லையும் அறுத்துட்டு எடுக்கணும். சாஞ்ச கட்டைய நிமித்தணும். அதான் டிக்கெட். டிக்கெட் எடுக்காதவங்க துணி இறங்கணும்!"

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அறுத்தோம். பத்து நாளில் அந்த வேலி எப்படி இருந்தது தெரியுமா? மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கொடி இல்லை. ஒரு கட்டை சாயவில்லை. ஒற்றை ஆள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்த வேலியை இப்போது முப்பது பெண்கள் தினமும் இரண்டு தரம் பார்த்தார்கள். என் இடத்துக் கம்பி உன் இடத்துக் கம்பியைவிடப் பளபளப்பு என்று சண்டைகூட வந்தது. வேலி ஓரத்திலேயே பெண் பார்த்தார்கள், கடன் கொடுத்த பாத்திரம் திரும்பக் கேட்டார்கள், பழைய பகையைப் புதுப்பித்துக்கொண்டார்கள். வனத்துறை ஜீப்பில் வந்த அதிகாரி, பல நிறத்தில் படபடக்கிற துணிகளைப் பார்த்துவிட்டு, ஏதாவது விசேஷமா என்று கேட்டார். "ஆமா சார், மாப்பிள்ளை வரவேற்பு!" என்றார் அத்தான்.

கொட்டகைப் பக்கம்தான் வெயில் அதிகம். அந்த இடத்தை மட்டும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. முதலில் வருகிறவருக்கு முதல் இடம். காலை எட்டு மணிக்கு வாளிகளோடு வரிசை நிற்கும். விசில், புல், பிறகு "ரைட்!" தங்கள் பங்குக்குப் போகிறவர்களும் அங்கேயே நின்று, ரைட் சொன்ன பிறகுதான் கம்பியில் கை வைக்கலாம். வரிசையைக் கெடுப்பதற்கென்றே ஒருத்தி உண்டு, மாடிவீட்டுக்காரரின் மனைவி. கடைசியில் வருவாள், "ஒரே ஒரு போர்வைதான்" என்று சொல்லிக்கொண்டே முதலில் போய் நிற்பாள். ஒரே ஒரு போர்வை என்பது ஏழு போர்வை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரியும்.

முப்பத்தேழாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்தது. நாங்கள் துணி எடுத்து முடித்திருந்தோம், பெட்டி அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காதை ஆட்டியது. ஒரு காலைத் தூக்கி, என்னவோ தண்ணீர் ஆழம் பார்க்கிற மாதிரி, மாடிவீட்டுக்காரர் வயலோரத்துக் கட்டையை மெல்லத் தள்ளியது. கட்டை சாய்ந்தது, மேல் கம்பி சரிந்து அதன் துதிக்கையில் விழுந்தது. டக்! அவ்வளவு பெரிய உடம்பு, 'ப்பீ' என்று ஒரு சின்னக் குழந்தைக் குரல் கொடுத்துத் திரும்பி ஓடியது பாருங்கள், நாங்கள் முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரித்த சிரிப்பில் வாளி உருண்டு வாய்க்காலில் போனது. அத்தான் பெட்டியை நிறுத்த, கட்டையை நிமிர்த்தினோம். இன்னும் மூன்றே நாள்!

மாடிவீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு கட்டை. நாளைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டவரைத் தேற்ற எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நாங்கள் சிரிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

அன்று இருட்டியதும் அவர் என்ன செய்தார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. மோட்டார் ரூமிலிருந்து ஒரு வயரை இழுத்து வேலிக்கம்பியில் முறுக்கினார். சுவிட்சைப் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் ஊரில் கரண்ட் போனது. வரும், வரும் என்று டார்ச்சோடு உட்கார்ந்திருந்தவர் அங்கேயே தூங்கிப் போனார். விடிந்தும் கரண்ட் வரவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

காலை எட்டு மணி. வரிசையில் அன்று நான் முதலில். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பன்னிரண்டு ஜோடி அலசித் தோளில் போட்டிருந்தேன், தண்ணீர் முதுகில் வழிந்தது. மாடிவீட்டு அக்கா வழக்கம்போல வந்து, "ஒரே ஒரு போர்வைதான்" என்று என் முன்னால் நுழைந்தாள். நான் வாய்க்குள் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

விசில். அத்தான் பெட்டியை நிறுத்திவிட்டுப் புல்லோடு வந்தார்.

"நிறுத்துனது நீங்கதானே? இன்னும் என்ன சந்தேகம், டாக்டரே?" என்றேன்.

"பேஷன்ட் அமைதியா இரு" என்றார். புல் நுனியைக் கம்பியில் வைத்தார். தெருப்பக்கம் யாரோ, "கரண்ட் வந்துருச்சு!" என்று கத்தினார்கள். அத்தான் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

புல் சுண்டவில்லை. எறும்பு ஏறுகிற மாதிரி விடாமல், இடைவெளியே இல்லாமல், ஒரு நடுக்கம் விரலில் ஏறியதாம். பெட்டி அப்படி அடிக்காது. அதுவும் நிறுத்திய பெட்டி.

"ஹோல்டான்!"

அப்படி ஒரு சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷம் டிரைவர் காதில் விழுவதற்காக வளர்த்த குரல். முப்பது பெண்களும் பிரேக் போட்ட மாதிரி நின்றோம். ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. மாடிவீட்டு அக்கா, அத்தான் ரைட் சொல்வதற்கு முன்பே ஈரப் போர்வையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். கம்பிக்கும் அவளுக்கும் ஒரு எட்டு தூரம்.

புகழ வேண்டிய இடம் வந்துவிட்டது. நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த முழங்காலோடு அத்தான் பாய்ந்தார். முட்டுகிற கிடா மாதிரி தலையால் அவள் இடுப்பில் ஒரு முட்டு. இருவரும் வாய்க்கால் சேற்றில் விழுந்தார்கள். போர்வை கையைவிட்டுப் பறந்து கம்பியில் விழுந்தது. 'சடசட'வென்று நீல நெருப்பு. துணி கருகுகிற நாற்றம். போர்வை நடுவில் ஒரு ஓட்டை, எங்கள் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே போனது.

அத்தான் சேற்றிலிருந்து எழுந்து கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த மாடிவீட்டு மோட்டார் ரூமுக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினார். திரும்பி வந்து புல்லை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

சத்தத்தில் விழித்து ஓடி வந்த மாடிவீட்டுக்காரர் கண்டது சேற்றில் கிடக்கிற தன் மனைவியை. "என் பொண்டாட்டி மேல கை வெச்சவன் எவன்டா?" என்று தொடங்கியவர், கம்பியில் கருகித் தொங்கிய போர்வையைப் பார்த்தார். அது தங்கள் கட்டில் போர்வை என்று தெரிந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் யானைக்குத்தான் வெச்சேன்" என்றார். "அதுக்குத்தான் வெச்சேன்."

மாடிவீட்டு அக்கா எழுந்தாள். தலை முதல் கால்வரை சேறு, கண் மட்டும் வெள்ளை. அந்தப் பேச்சை நான் எழுத முடியாது, பிள்ளைகளும் படிப்பார்கள். கல்யாணமான நாள்முதல் அவர் செய்த தப்புகளை வருஷ வாரியாகச் சொன்னாள். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது அத்தான் தன்னை அறியாமல், "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்றார். பிறகு முதலில் சிரித்தது அவள்தான். அடுத்து நாங்கள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல், ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஈரத் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊரே குலுங்கியது. மாடிவீட்டுக்காரர் மட்டும் எழுந்து போய், தான் முறுக்கிய வயரைத் தானே பிரித்தார். பிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

நாற்பதாம் நாள் சோளம் அறுத்தோம். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு மூட்டை போனது. வேலிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, தும்பிக்கையில் மண் வாரித் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. மாடிவீட்டுக்காரர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு தன் மனைவியின் பங்குக் கொடியை அறுக்கப் போனார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் போர்வையை மடித்து என்னிடம் கொண்டுவந்தார்.

"தச்சுத் தர முடியுமாம்மா? ஒட்டுப் போட்டா போதும்."

பிரித்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் என் கை முழங்கைவரை போனது. அவள் மட்டும் அன்று வரிசையை மீறியிருக்காவிட்டால் முதலில் நின்றது நான். தோளில் பன்னிரண்டு ஜோடி ஈரத் துணி. அத்தானைக் கிண்டல் பண்ணுகிற மும்முரத்தில் ரைட் சொல்வதற்கு முன்பே நானும் கையைத் தூக்கியிருப்பேன், எனக்கென்ன பொறுமை? இவ்வளவு நாளும் சிரித்துத் திரிந்தேனே தவிர, இது என் மண்டையில் ஏறவே இல்லை.

"இதுக்கு ஏத்த துணி எங்கிட்ட இல்லண்ணே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷினை மூடிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன, வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு கிண்டலக் காணோம்? காய்ச்சலா?"

"அன்னிக்கு முதல்ல நின்னது நான், அத்தான்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "தெரியும்" என்றார். "பெட்டிய நிறுத்தப் போகும்போது உன்னத்தான் முன்னால பார்த்தேன். அதான் இன்னும் கை நடுங்குது. உங்கக்காகிட்ட சொல்லிடாத, அவ தாங்க மாட்டா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பழக்கமே இல்லாததால் எப்படி விடுவது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து அக்கா, "என்ன ரெண்டு பேரும் சத்தத்தக் காணோம்? என்ன நடக்குது அங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அத்தான், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு. "சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னு உன் தங்கச்சி அழுறா."

அக்கா கரண்டியோடு வெளியே வந்து எங்கள் இருவரையும் திட்டத் தொடங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். அவ்வளவு இனிமையாக இருந்தது.